அந்நிய பாஷைக் கல்வியும் நம் மலைநாட்டுப் பிள்ளைகளும்

சம்பளம் போட்ட மறுநாள் காலையில் பசறைக் கடைத்தெருவிலே சற்று நேரம் நிற்கின்ற எவருக்கும், இவ்வூர் ஒரு மொழியால் ஆன ஊர் அன்று என்பது தானே விளங்கிவிடும். கோணக்கலையிலிருந்தும் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இறங்கி வரும் நம்மவர்கள், முஸ்லிம் வியாபாரியின் கடையில் தமிழிலும், கிராமத்திலிருந்து மரக்கறி கொண்டுவந்து விற்கும் சிங்களப் பெண்ணிடம் சிங்களத்திலும் விலை பேசுவார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துத் துண்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். மதிற்சுவர்களிலே கொரிய மொழி வகுப்புக்கும் ஜப்பானிய மொழி வகுப்புக்கும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருக்கும். இத்தனை மொழிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, சர்வகலாசாலைக்குச் சென்று ஓர் அந்நிய பாஷையையும் அதன் சாகித்தியத்தையும், அதைப் பேசுகின்ற ஜனங்களின் வாழ்க்கை முறையையும் ஒழுங்காகக் கற்க விரும்புகிறேன் என்று சொன்னால் மாத்திரம், "அதப் படிச்சு என்னா செய்யப் போற?" என்ற கேள்வி நாலு திசையிலிருந்தும் எழுகின்றது. களனிப் பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் மொழியைப் பாடமாக எடுத்த காலத்தில் நானும் அக்கேள்விக்கு முகங்கொடுத்தவள். இன்று என்னிடம் படிக்க வருகின்ற உயர்தர மாணவியரும் அதற்கே முகங்கொடுத்துவிட்டு வருகிறார்கள். கேட்பவர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் கிடையாது. நாட்கூலியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒரு தாய், படிப்பின் பிரயோசனம் என்ன என்று கேட்பதைவிட நியாயமான காரியம் வேறொன்றும் இல்லை. ஆகவே, அந்தத் தாய்க்கு நிதானமாக ஒரு விடை சொல்லவேண்டும் என்பதே இதை எழுதுவதற்குக் காரணம்.

நம் தோட்டங்களின் சரித்திரத்தில் அந்நிய பாஷை ஒன்றைப் புத்தகம் வைத்துப் படித்தவர்கள் முதன்முதலில் துரைமார்களே ஆவர். சீமையிலிருந்து கப்பலேறிச் சின்னத் துரையாக வந்திறங்கிய இளைஞன், தொழிலாளரிடம் வேலை வாங்க வேண்டுமாயின் தமிழ் கற்றே ஆகவேண்டும் என்பது அக்காலத்து நியதி. அதற்கென்றே கையடக்கமான புத்தகங்கள் கொழும்பிலே அச்சாயின. அவற்றுள் ஒன்றின் பெயர் 'இங்கே வா'. வெல்ஸ் என்பவர் 1915இல் வெளியிட்ட இன்னொன்று 'கூலித் தமிழ்' என்ற பெயரையே தலையில் சூடிக்கொண்டது. பதுளை மண்ணில் வளர்ந்த மு. நித்தியானந்தன் அவர்கள் 2014இல் அதே பெயரில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலிலே இப்புத்தகங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மலைநாட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டிய நூல் அது. பெரட்டுக் களத்திலே என்ன சொல்வது, கொழுந்து நிறுக்கும்போது என்ன சொல்வது, பிந்தி வந்தவனை எப்படி அதட்டுவது என்று ஏவல் வாக்கியங்களாக அடுக்கிக் கொடுத்து, அவற்றுக்குப் பதிலாக எதிரே நிற்பவன் ஏதேனும் நெடுநேரம் பேசக்கூடும் என்ற நினைவுக்கே இடம் வைக்காமல் அமைக்கப்பட்ட ஒரு கல்வியினால், நாற்பது வருஷம் இம்மலைகளில் வாழ்ந்து, தமிழைத் தினந்தோறும் பேசிய ஒருவர், லயத்திலே காமன் கூத்து ஆடப்படுகின்ற இரவில் அங்கே பாடப்படுவது இன்னதென்று அறியாமலே பென்ஷன் பெற்றுச் சீமைக்குத் திரும்பிவிடுவது சாத்தியமாயிற்று. விதிவிலக்கான துரைமார் சிலர் இருந்திருப்பர். அவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிகாரத்துக்காக மாத்திரம் கற்கப்படும் மொழி, கற்றவனுடைய உள்ளத்தில் எந்தக் கதவையும் திறப்பதில்லை என்பதற்கு நம் தோட்டங்களைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வகை, ஜீவனத்துக்காகக் கற்கப்படும் மொழி. இதை நான் மிகுந்த மரியாதையுடனேயே குறிப்பிடுகிறேன். கொரியாவுடன் 2004ஆம் ஆண்டில் ஏற்பட்ட தொழில் ஒப்பந்தத்தின் பின்னர், பரீட்சையில் தேறினால் அந்நாட்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில், நம் இளைஞர்கள் அந்த எழுத்துக்களை இரவிரவாக எழுதிப் பழகுகிறார்கள். எல்லவிலும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தடியிலும் உல்லாசப் பிரயாணிகளுக்கு வழிகாட்டித் திரியும் தோட்டத்துப் பையன்கள், பள்ளிக்கூட வாசலில் கற்ற ஆங்கிலத்தோடு ரஷ்ய மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுகிறார்கள். எங்கள் லயத்து மாமி ஒருவர், பிள்ளைகளைத் தாயாரிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போய், ஓர் அரபு வீட்டின் குசினியிலே பல வருஷம் உழைத்துத் திரும்பியவர். அவருக்கு அரபு எழுதவோ வாசிக்கவோ தெரியாது. ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகளின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுக் கற்ற அந்த மொழியை அவர் பேசும்போது, குரலே மாறி, தொண்டையின் அடியிலிருந்து பிறக்கின்ற எழுத்துக்கள் எல்லாம் பிசகில்லாமல் வந்து விழும்.

நான் ஜேர்மன் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, பிரயோசனம் என்ன என்று கேட்காத ஒரே ஆள் அந்த மாமிதான். அவர் இஸ்தோப்பிலே உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஏம் புள்ள, அந்த நாட்டு ஆளுக வீட்டுல என்னா சமைப்பாங்க? பெரியவங்கள எப்புடிக் கூப்புடுவாங்க? செத்தவங்கள எரிப்பாங்களா, பொதைப்பாங்களா?"

உணவு, உறவு, மரணம் என்கின்ற மூன்றையும் அறிந்துகொண்டால் ஒரு ஜனசமூகத்தை அறிந்துகொள்ளலாம் என்று, எந்த ஏட்டையும் திறவாத ஒரு ஸ்திரீ, அந்நியர் வீட்டில் வாழ்ந்த அநுபவம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு கண்டுபிடித்திருந்தார். பின்னர் களனியிலே கலாசாரப் பாடத்துக்கென்று எங்களுக்குத் தரப்பட்ட கட்டுரைகளை வாசிக்குந்தோறும், மாமியின் கேள்விகள் அவற்றின் அடியில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அந்த மாமிக்குக் கிடைக்காமற் போனது புத்தியன்று. குசினியிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து அந்த மக்களின் கவிதைக்கும் சரித்திரத்துக்கும் அவரை அழைத்துச் செல்லக்கூடிய ஒரு பாடசாலை மாத்திரமே கிடைக்காமற் போயிற்று. சர்வகலாசாலையின் மொழித்துறை செய்யவேண்டிய காரியம் இதுதான் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

களனியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1875இல் பெலியகொடையில் இரத்மலானை ஸ்ரீ தர்மாலோக தேரரால் வித்தியாலங்காரப் பிரிவெனாவாகத் தோன்றி, பிக்குமார் பாளியும் சம்ஸ்கிருதமும் கற்ற இடமாக இருந்து, 1959இல் சர்வகலாசாலை அந்தஸ்துப் பெற்று, 1978இலிருந்து இன்றைய பெயருடன் விளங்கும் நிலையம் அது. பழைய மொழிகளைக் கற்பித்த அந்த மண்ணிலேயே இன்று பிரெஞ்சு, ஜேர்மன், ரஷ்யன், சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவை நவீன மொழிகள் துறையிலே கற்பிக்கப்படுகின்றன. பதுளையிலிருந்து இரவு ரெயிலேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்த ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு, முதலிலே ஏற்பட்டது அச்சமே. பாடங்கள் பலவும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் நடக்கின்றன. நகரத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சளசளவென்று பேசுகிறார்கள். எதை எடுத்தாலும் நாம் பிந்தித் தொடங்கியவர்கள் என்ற எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. ஜேர்மன் வகுப்புக்குள் நுழைந்தபோதுதான் அந்த எண்ணம் நின்றது. அங்கே ஆரம்ப வகுப்பில் இருந்தவர் எல்லோரும் எழுத்திலிருந்து தொடங்கினார்கள். குருநாகலிலிருந்து வந்த சிங்களப் பெண்ணும், கொழும்பிலே பெரிய கல்லூரியில் படித்த பையனும், நானும் ஒரே கோட்டில் நின்றோம். அந்த மொழி எங்களில் எவருக்கும் சொந்தமன்று. எவருக்கும் அதன்மேல் பழைய மனக்கசப்பும் இல்லை. அதைப் பேசத் தெரியாததற்காக எவரும் எவரையும் தாழ்வாகப் பார்க்கவும் இல்லை. மொழியின் பேரால் இவ்வளவு துன்பப்பட்ட இந்த நாட்டிலே, சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரு மொழியின் முன்னால் சரிசமமாக மாணவராக உட்காரக்கூடிய அறை ஒன்று உண்டு என்பது, எனக்கு அக்காலத்தில் பெரும் ஆறுதலாக இருந்தது.

இலக்கணம் தொடங்கியபின் இன்னொரு விஷயம் தெரியவந்தது. ஜேர்மன் மொழியிலே, ஒரு வாக்கியத்துக்குள் சார்ந்து நிற்கின்ற துணை வாக்கியம் வரும்போது, அதன் வினைச்சொல் எல்லாவற்றையும் கடந்து கடைசியிலே போய் நிற்கும். ஆங்கிலத்தைக் கொண்டு சிந்தித்துப் பழகியவர்களுக்கு இது பெரும் இடைஞ்சல். வினை எங்கே, வினை எங்கே என்று பாதி வழியில் தவிப்பார்கள். தமிழிலும் சிங்களத்திலும் சிந்திப்பவர்களுக்கோ அது பிறந்த வீட்டு வழக்கம். எழுவாயைச் சொல்லி, காலத்தையும் இடத்தையும் காரணத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, கேட்பவனைக் காத்திருக்கவைத்து, முடிவில் வினையைச் சொல்லுகின்ற அந்தப் பொறுமை நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. குருநாகல் சிநேகிதியும் நானும், அவள் சிங்களத்தில் ஒன்றும் நான் தமிழில் ஒன்றுமாகச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்து, நூலகத்தின் பின்புறத்து மரத்தடியிலே அந்த வாக்கியங்களைப் பிரித்துப் பிரித்து எழுதுவோம். அவளுடைய மொழியின் அமைப்பு என்னுடைய மொழிக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நான் பசறையில் இருந்தபோது அறியவில்லை. ஒரு மூன்றாவது மொழியின் துணையால்தான் அறிந்தேன்.

கலாசார வகுப்பொன்றைப் பற்றியும் சொல்லாதிருக்க முடியாது. ஜேர்மனியின் வடமேற்கு மூலையில், கடலோரத்திலே ஒஸ்த்ஃபிரீஸ்லாந்து என்றொரு பிரதேசம் உண்டு. ஆளொருவருக்கு வருஷத்துக்குச் சுமார் 300 லீற்றர் தேநீர் என்ற கணக்கிலே, உலகிலேயே மிக அதிகமாகத் தேநீர் பருகுவோரின் வரிசையில் அம்மக்கள் வைத்து எண்ணப்படுகின்றனர். மெல்லிய சிறு பீங்கான் கிண்ணத்திலே முதலில் ஒரு பெரிய கற்கண்டுத் துண்டை இடுகிறார்கள். அதன்மேல் கொதிக்கின்ற கடுஞ்சாயத்தை ஊற்றும்போது கற்கண்டு படீரென்று வெடிக்கின்ற ஓசையைக் கேட்டு மகிழ்கிறார்கள். பிறகு சிறிய வளைந்த கரண்டியாலே பாலாடையைக் கிண்ணத்தின் ஓரமாக வார்க்க, அது அடியிலே சென்று மேகம்போல மேலெழுந்து விரிகின்றது. அதைக் கலக்கக் கூடாது. முதலில் பாலாடையின் மென்மை, பின்னர் தேயிலையின் கசப்பு, கடைசியில் கற்கண்டின் இனிப்பு என்று மூன்று சுவையாக அருந்தவேண்டும். விருந்தினர் மூன்று கிண்ணமாவது குடிப்பதே மரியாதை. போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைக்கவேண்டும். இந்தச் சம்பிரதாயத்தை 2016ஆம் ஆண்டிலே ஜேர்மனி தன் மரபுச் செல்வங்களின் பட்டியலிலும் சேர்த்திருக்கிறது.

வகுப்பிலே விரிவுரையாளர் இதைப் படமாகக் காட்டியபோது மற்றவர்களுக்கு அது ஓர் இனிய செய்தி. எனக்கோ, அம்மா விடியற்காலை இருட்டில், தோட்டத்தில் கொடுக்கின்ற தூளில் சாயம் ஊற்றி, உள்ளங்கையிலே கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, நின்றபடியே சாயத்தைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகின்ற காட்சி கண்முன் வந்தது. நாங்கள் பறிப்பவர்கள், பறித்ததை ஸ்டோரில் கொண்டுபோய்க் கொட்டியபின் அது எங்கே போகிறது, யார் கையில், எந்த அறையில், எவ்வளவு பக்தியோடு அருந்தப்படுகிறது என்பதை எங்கள் வீட்டில் எவரும் கண்டதில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் உலர்ந்த காற்று நமுனுகுலை மலையைத் தழுவி வீசுகின்றபோது கொழுந்திலே ஏறுகின்ற அந்த விசேஷ வாசனைக்காக, ஊவாத் தேயிலையை விரும்பி வாங்குகின்ற ஜேர்மானியரும் ஜப்பானியரும் உண்டு என்பதை நான் சர்வகலாசாலையில்தான் அறிந்தேன். விடுமுறைக்கு வந்தபோது அம்மாவிடம் கற்கண்டுக் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாம பறிக்கிறத அவங்க அம்புட்டு மதிப்பா குடிக்கிறாங்களா?" என்று கேட்டார். இப்படிக் கேட்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு. ஆனால் அந்தக் கேள்வி அவரிடத்தில் பிறப்பதற்கு, வீட்டிலே ஒரு பிள்ளை ஜேர்மன் படிக்க வேண்டியிருந்தது.

பாஷைக் கல்வி இவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு, நம் பக்கத்துக்கு வந்த ஜேர்மானியர்களே சாட்சி. சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருடைய நோக்கம் கிறிஸ்து மத போதனை ஒன்றே. அதற்காகத் தமிழ் கற்றார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு மணலில் எழுதிப் பழகினார். ஆனால் கற்கத் தொடங்கியபின் மொழி அவரைத் தன் வழிக்கு இழுத்துக்கொண்டது. தமிழ் நூல்களைச் சேகரித்தார். தென்னாட்டுத் தெய்வங்களின் வம்சாவளியை விவரித்து 1713இல் ஒரு பெருநூல் எழுதி ஜேர்மனியில் உள்ள ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர்களோ, அந்நியருடைய தெய்வங்களைப் பற்றி ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொல்வது உம்முடைய வேலையன்று என்ற கருத்துடையவர்களாய் அதை அச்சிடாது விட்டார்கள். 1867இல், எழுதியவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிய பின்னர், அது சென்னையிலே அச்சேறியது. கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளை ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். வில்ஹெல்ம் கைகர் நம் தீவுக்கு வந்து சிங்களத்தையும் பாளியையும் ஆராய்ந்து, 1908இல் மகாவம்சத்தின் மூலத்தைப் பரிசோதித்துப் பதிப்பித்தார். குருநாகல் சிநேகிதி கைகரைப் பற்றி அறிந்திருந்தாள். நான் கிரவுலைப் பற்றி அறிந்திருந்தேன். இருவரையும் அவர்களுடைய சொந்த மொழியிலே வாசிக்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் உண்டான பெருமிதம்.

இதைவிட என்னைத் திகைக்கவைத்தது நம் மடுல்சீமையின் கதை. இலங்கையின் கோப்பிப் பயிர் அழிந்தே தேயிலை வந்தது என்பதைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். இலையின் அடியிலே செம்மஞ்சள் தூளாகப் படர்ந்து, இலைகளை உதிர்த்து, மரத்தையே கொன்ற அந்தப் பூஞ்சண நோய் முதன்முதலாக 1869இல் காணப்பட்டது இதே பசறைக்கு மேலேயுள்ள மடுல்சீமையில், கலூலா என்னும் தோட்டத்தில். நோயின் ரகசியத்தை ஆராய 1880இல் அரசாங்கத்தால் அழைக்கப்பட்டு வந்தவர் ஹரி மார்ஷல் வோர்ட் என்கின்ற ஆங்கில இளைஞர். அவர் இங்கு வருவதற்குச் சற்று முன்னர் எங்கே படித்தார் என்று தேடினால், ஜேர்மனியின் வியூர்ட்ஸ்பேர்க் நகரில், தாவரவியல் மேதை யூலியஸ் சாக்ஸின் ஆய்வுகூடத்தில். அக்காலத்திலே பூஞ்சணங்கள் பற்றிய அறிவு பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலே வளர்ந்துகொண்டிருந்தது. அம்மொழியை அறிந்தவராகையால் வோர்ட் அந்த அறிவை நேரே பெற்று, நம் மலையின் கோப்பி இலையிலே அதைப் பிரயோகித்தார். காற்றிலே பறந்து வரும் நுண்வித்துக்கள் இலையின் அடிப்புறத்துத் துவாரங்கள் வழியாக உட்புகுகின்றன என்பதை விளக்கிக் காட்டினார். பின்னாளில், 1887இல், சாக்ஸின் விரிவுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. கோப்பியைக் காப்பாற்ற இயலவில்லை. பருவத்துக்கு வந்து, கோப்பிக் காய் பறித்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிச் சென்றுகொண்டிருந்த நம் முன்னோர், வருஷம் முழுவதும் கை தேவைப்படுகின்ற தேயிலை வந்தபின் இங்கேயே தரித்துவிட்டார்கள். ஆகவே, நான் ஏன் பசறையில் பிறந்தேன் என்ற கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி, ஜேர்மன் பாஷையில் எழுதப்பட்ட தாவரவியல் ஏடுகளுக்குள் கிடந்தது. ஒரு மொழியைக் கற்பது அந்த நாட்டாரை அறிவதற்கு மாத்திரமன்று என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

நம்மவர்களிடையே இந்த வழியில் வெகுதூரம் சென்றவர் தனிநாயகம் அடிகளார். 1913இல் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொனில் பிறந்து, ரோமாபுரியில் படித்து, ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றுத் தேர்ந்த அவர், போர்த்துக்கேயமும் இலத்தீனும் அறிந்திருந்தபடியால் அல்லவா, அந்தாவோ தெ புரொயென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் அருமையை உணர்ந்து, வத்திக்கான் நூலகத்திலிருந்து அதை வெளிக்கொணர்ந்து, 1966இல் கோலாலம்பூரிலே மறுபடியும் அச்சிடுவித்தார்? அந்த ஏடு பெட்டிக்குள் இருந்த காலமெல்லாம் அதைக் கண்டவர் பலர் இருந்திருக்கலாம். தமிழும் போர்த்துக்கேயமும் சேர்ந்து அறிந்த தமிழன் ஒருவன் கண்டபோதே அது நமக்குக் கிடைத்தது. மலைநாட்டைப் பொறுத்தவரை, சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத் தொழிலாளியின் வாழ்வை ஆங்கிலத்திலே கவிதையாகப் பாடி, நம்மைப் பற்றி உலகம் நம் வாயாலேயே கேட்கும்படி செய்தார். ஆங்கிலத்துக்கு அவர் இருந்தார். ஜேர்மன் மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் ரஷ்ய மொழிக்கும் அரபு மொழிக்கும் நம் மலைகளிலிருந்து யார் இருக்கிறார்கள்? நம்மூர்க்காரராகிய தெளிவத்தை ஜோசப்பின் கதைகளை, நேரே தமிழிலிருந்து ஒரு ஜேர்மன் வாசகனுக்கு எடுத்துக் கொடுக்க, லயத்து வாழ்வை உள்ளிருந்து அறிந்த ஒரு கை வேண்டாமா?

இனி, தடைகளைச் சொல்லவேண்டும், அவை பெரியவை. உயர்தர வகுப்புப் பாடங்களிலே பிரெஞ்சும் ஜேர்மனும் ஜப்பானியமும் ரஷ்யனும் ஏட்டளவில் உண்டு. ஆனால் நம் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் அவற்றைக் கற்பிப்பவர்களை நான் கண்டதில்லை. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தின் கைக்கு வரும்வரை, பெரும்பாலானவை ஒற்றை மண்டபமும் ஓர் ஆசிரியருமாக, ஐந்தாம் வகுப்போடு நின்றவை. அந்தப் பின்னடைவின் பாரம் இன்னும் நம் தோளைவிட்டு இறங்கவில்லை. மலைநாட்டுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்று பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது ஜேர்மானிய உதவியினால் என்பதை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கிறேன். அந்நாட்டின் பணம் நம் பிள்ளைகளின் கல்விக்கு வந்து சேர்ந்தது. அந்நாட்டின் மொழி இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாவது தடை, சிங்களமும் ஆங்கிலமும் போதிய அளவு கைவராமையால் வகுப்பிலே ஏற்படும் திணறல். இதற்கு மருந்து பயிற்சி ஒன்றே. பசறைக் கடைத்தெருவில் விலை பேசிப் பழகிய சிங்களத்தை எழுத்துச் சிங்களமாக உயர்த்திக்கொள்வது ஒரு வருஷத்து முயற்சியால் ஆகக்கூடியதே. அதை உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கின்ற மாதங்களிலேயே தொடங்கிவிடலாம்.

பதுளையிலிருந்து பசறைக்கு வருகின்ற பாதையில், இரண்டாம் மைற்கல்லருகே, 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து அதைப் பார்க்காத பசறைப் பிள்ளை இல்லை. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் உல்லாசப் பிரயாணத் துறைக்கும் அங்கே பட்டப்படிப்பு உண்டு. ஊவாத் தேயிலையை வாங்குகின்றவர்களின் மொழிகளும், எல்லவுக்கு வருகின்ற பிரயாணிகளின் மொழிகளும், சாகித்தியத்தோடும் சரித்திரத்தோடும் சேர்த்து ஒரு முழுத் துறையாக அங்கே கற்பிக்கப்படுமாயின், அதற்கு இந்த மாகாணத்தைவிடப் பொருத்தமான இடம் இத்தீவில் இராது. வெறும் வரவேற்பு வாக்கியங்களைக் கற்பிக்கின்ற குறுகிய கால வகுப்பை நான் கருதவில்லை. அது பிள்ளைகளை ஹோட்டல் வாசலோடு நிறுத்திவிடும். கவிதை வாசிக்கவும், பத்திரிகை வாசிக்கவும், ஒப்பந்தம் வாசிக்கவும், எதிரே இருப்பவர் தவறாகச் சொன்னால் அவர் மொழியிலேயே மரியாதையாக மறுத்துச் சொல்லவும் வல்லமை தருகின்ற படிப்பை நான் கருதுகிறேன். மறுத்துச் சொல்லும் வல்லமையே நம் பாட்டனாருக்குக் கிடைக்காதிருந்தது.

தாய்மார்கள் கேட்கின்ற கேள்விக்கு நேரடியான விடையும் உண்டு; அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு மொழியை முழுமையாக அறிந்த பட்டதாரிக்கு, மொழிபெயர்ப்பு, தூதரகங்கள், தேயிலை ஏற்றுமதிக் கம்பெனிகள், பிரயாணத் துறை, ஆசிரியத் தொழில், மேற்படிப்பு என்று வாசல்கள் பல திறக்கின்றன. ஆறு மாத வகுப்பில் பரீட்சைக்கு மாத்திரம் கற்றவருக்கும் வேலை கிடைக்கும். ஆனால் அந்நாட்டில் அவர் பேசக்கூடியது வேலையைப் பற்றி மாத்திரமே. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சம்பளச் சீட்டிலும் தெரியும்.

இவ்வருஷம் உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான கைந்நூலை வாங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அது தமிழிலும் அச்சாகிறது, முழுவதையும் வாசியுங்கள். தெரிந்த அண்ணன் எழுதிய வரிசையையே பார்த்து எழுதாமல், எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பாடநெறியின் கீழ், எந்த மொழி கற்பிக்கப்படுகிறது, முன்தகைமை கேட்கிறார்களா, ஆரம்பத்திலிருந்து தொடங்க இடம் உண்டா என்பவற்றைத் தனித்தனியே விசாரித்தறிந்து, அதன்பின் விருப்ப வரிசையை எழுதுங்கள். மொழிக்கு மொழி நிபந்தனை வேறுபடும். விண்ணப்பத்தை நிரப்பத் தயங்குபவர்கள் சனிக்கிழமை பிற்பகல் என் வீட்டுக்குக் கைந்நூலோடு வரலாம்; அம்மாவையும் அழைத்து வாருங்கள், அவர்கள் கேட்கவேண்டிய கேள்விகளை அவர்களே கேட்கட்டும்.